இழப்புக்குப் பின் வரும் முதல் கிறிஸ்துமஸ்: குடும்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் இறந்த ஆண்டில், டிசம்பர் பிறந்ததும் தெருவின் கண் அந்த வீட்டின் மேல் விழும். மற்ற வாசல்களில் ஸ்டார் எரிய, அந்த வாசல் மட்டும் இருட்டாகக் கிடக்கும். "இந்த வருஷம் நமக்கு எதுவும் கிடையாது" என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார்கள். 25ஆம் தேதி காலையில் பிள்ளைகள் பழைய சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு நேரெதிரான வீடுகளும் உண்டு. எதுவுமே நடக்காததுபோல் கேக், பிரியாணி, விருந்தினர் என்று ஓடுவார்கள். இறந்தவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். மாலையில் பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மா மட்டும் தனியாக அழுதுகொண்டிருப்பார். இரண்டுமே குடும்பத்தை நோகடிக்கின்றன.

தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றுதான். இறந்தவர் உங்கள் பண்டிகையில் என்னென்ன வேலை செய்தார் என்பதை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். அந்த வேலைகள் வரும் நேரத்தில்தான் துக்கம் வந்து நிற்கும்.

1. நவம்பர் 2இல் தொடங்குங்கள்

கிறிஸ்துமஸுக்கான ஏற்பாடு கல்லறைத் திருநாளிலேயே தொடங்கிவிடுகிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் குளூனி மடத்து அதிபர் புனித ஒடிலோ, தம் மடங்களில் நவம்பர் 2ஐ இறந்தோருக்காக வேண்டும் நாளாக ஏற்படுத்தினார். அது பிறகு திருச்சபை முழுவதும் பரவியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் அந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி (பூசை) நிறைவேற்றலாம் என்று அனுமதித்தார். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் ஆகியவற்றோடு, பாவத்துக்கான தண்டனையை முழுவதும் நீக்கும் பரிபூரண பலனைப் பெற்று இறந்தவருக்கு ஒப்புக்கொடுக்கலாம். "இனி அவருக்காக நான் என்ன செய்ய முடியும்?" என்று துடிக்கும் மனத்துக்குத் திருச்சபை கையில் கொடுக்கும் வேலை இது. என் பார்வையில், முதல் ஆண்டில் இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

நடைமுறைக்கு வருவோம். நவம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். புல் செதுக்குவதையும் வெள்ளையடிப்பதையும் அக்டோபர் கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள். புதுக் குழி என்றால் மண்மேடு மழையில் இறங்கும். அதனால் திருநாளுக்குள் சிமெண்ட் கல்லறை கட்டியே ஆக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மண் அமர்ந்த பிறகு கட்டினால்தான் விரிசல் விடாது. மரச் சிலுவையும் நாலு கைப்பிடி செவ்வந்தியும் அந்த ஆண்டுக்குப் போதும். மெழுகுதிரியைக் காற்று அணைத்துக்கொண்டே இருக்கும். பழைய கண்ணாடி டம்ளர்களில் பாதி மணல் நிரப்பி, தடித்த குட்டைத் திரிகளை நட்டுக் கொண்டுபோங்கள்; குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடிக்கும்வரை எரியும்.

மந்திரிப்பு முடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிட வேண்டாம். குடும்பம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஒரு செபமாலை சொல்லுங்கள். அழுகை வந்தால் அங்கேயே வரட்டும்.

2. நவம்பர் முடிவதற்குள் உட்கார்ந்து பேசுங்கள்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்கு முன்பே ஒரு மாலை எல்லாரும் கூடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் வரட்டும். நம் குடும்பங்களில் இத்தகைய முடிவைப் பெரியப்பாவோ மூத்த மகனோ எடுத்துவிட்டுப் பிறருக்குச் சொல்வதுதான் பழக்கம். இந்த ஒருமுறை அதை மாற்றுங்கள். கணவனை இழந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என யாருக்கு இழப்பு மிக அருகில் நேர்ந்ததோ, அவர் முதலில் பேசட்டும். "அம்மா, உங்களுக்கு எப்படி இருந்தால் சரியாக இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

"ஓராண்டுக்குப் பண்டிகை கூடாது" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. மண்ணின் வழக்கம் அது. நம் இந்து உறவினர்களும் அண்டை வீட்டாரும் கடைப்பிடிக்கிற அதே வழக்கம். அதை இழிவாகப் பேச மாட்டேன். நொந்துபோன வீட்டை அடுப்படி வேலையிலிருந்தும் விருந்தோம்பலிலிருந்தும் விடுவித்து ஓய்வு கொடுத்த வழக்கம் அது. அந்த ஓய்வை வைத்துக்கொள்ளலாம். ஆனால் துக்க வீடு என்பதற்காகக் கிறிஸ்து பிறப்பு வழிபாட்டையே தவிர்ப்பது, ஆறுதல் தேவைப்படும் நேரத்தில் ஆறுதலின் வாசலைச் சாத்துவது ஆகும்.

மிக அருகில் இழந்தவர் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். திருப்பலி, வீட்டில் சின்னக் குடில், பிள்ளைகளுக்குத் துணி. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ள அவர் பெரும்பாலும் சம்மதிப்பார்.

3. அவர் செய்த வேலைகளை எழுதுங்கள்

அதே மாலையில் ஒரு நோட்டை எடுத்து, டிசம்பர் முழுவதும் அவர் என்னென்ன செய்தார் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். பெரிய வேலைகள் எல்லாருக்கும் நினைவு வரும்: துணி எடுப்பது, ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைப்பது, கேக்குக்குப் பழம் ஊறவைப்பது. சின்ன வேலைகளில்தான் ஆபத்து இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி எழுதிய பட்டியலில் இருந்தவை இவை. பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்குவது. டிசம்பர் இரண்டாம் வாரம் கேழ்வரகை இரவில் ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவி, குடிலுக்குப் பச்சைப் பயிர் வளர்ப்பது. 24ஆம் தேதி இரவு எல்லாரும் கோவிலுக்குக் கிளம்பிய பிறகு கடைசி ஆளாக நின்று கதவைப் பூட்டுவது. பூசை முடிந்து வந்ததும் சுக்குக் காப்பி போடுவது. பேரப்பிள்ளைகளுக்குப் புது நோட்டுகளை வங்கியில் மாற்றிவைப்பது. துபாயில் இருக்கும் மகனுக்கு அந்த ஊர் நேரம் பார்த்து முதல் போன் செய்வது.

கதவைப் பூட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றலாம். முன்கூட்டிப் பேசாத வீட்டில், இரவு பதினொரு மணிக்கு வாசலில் எல்லாரும் சாவியைப் பார்த்தபடி நின்றுவிடுவார்கள். திருப்பலிக்குப் போகும் வழி முழுவதும் அந்தக் கனம் கூடவே வரும்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள், அல்லது "இந்த ஆண்டு வேண்டாம்" என்று எழுதுங்கள். வேலைக்கேற்ற ஆளைத் தேடுவதைவிட, அந்த வேலையால் ஆறுதல் பெறக்கூடிய ஆளைத் தேடுங்கள். கேழ்வரகு தூவுவதைத் தாத்தாவோடு திரிந்த பேத்தியிடம் கொடுங்கள். பயிர் ஒழுங்காக முளைக்காவிட்டாலும் பரவாயில்லை. சாவி மூத்த மகளிடம் போகட்டும். எல்லாப் பொறுப்பையும் மூத்த மகன் தலையில் கட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவரும் அப்பாவை இழந்தவர்தான். அப்பாவாக நடிக்கும்படி அவரைக் கேட்பது கொடுமை.

4. ஸ்டார், குடில், கேரல்

வெளியே தெரிகிற முடிவுகள் இவை. ஸ்டார் கட்டினால் "அதற்குள் மறந்துவிட்டார்களா?" என்று நாலு பேர் பேசக்கூடும். ஞானிகளுக்கு வழி காட்டிய விண்மீனுக்கு அடையாளமாகத்தான் அதைக் கட்டுகிறோம். ஆடம்பரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. வண்ண சீரியல் விளக்குகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு வெள்ளை ஸ்டார் கட்டலாம். கட்ட மனம் வராவிட்டால் குடிலில் வைக்கும் சிறு விளக்கே போதும். பேசுகிறவர்கள் எப்படியும் பேசுவார்கள்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு, அன்பியம் (பங்கின் அண்டைக் குடும்பங்கள் சேர்ந்த குழு) அன்பியமாக வீடு வீடாக வரும். துக்க வீடு என்று உங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். அது மரியாதைக்காகத்தான் என்றாலும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒதுக்கிவைத்ததுபோல் இருக்கும். அன்பிய ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "வாருங்கள், டிரம்ஸும் கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டமும் வேண்டாம், அமைதியான ஒரு பாட்டும் செபமும் போதும்." யாரும் மறுக்க மாட்டார்கள்.

5. பூசைக் கருத்தை முன்னதாகக் கொடுங்கள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நள்ளிரவு, விடியல், பகல் என மூன்று திருப்பலிகள் உண்டு. மரித்தோருக்கான தனித் திருப்பலியை அன்று வைக்க வழிபாட்டு விதி இடம் தராது. ஆனால் அன்றைய திருப்பலி ஒன்றை இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கத் தடையில்லை. அன்றைக்குக் கருத்துக் கொடுக்க, அதாவது இன்னாருக்காக இந்தத் திருப்பலி என்று பதிய, நிறையப் பேர் வருவார்கள். எனவே நவம்பரிலேயே பங்கு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பெயரைப் பீடத்தில் வாசிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்தால் அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நிறைந்த கோவிலில் திடீரென்று அந்தப் பெயர் காதில் விழுவது அதிர்ச்சியாக இருக்கும். இடம் கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம். ஒவ்வொரு திருப்பலியின் நற்கருணை மன்றாட்டிலும் இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும் பகுதி உண்டு. அந்த நொடியில் அவர் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

வசதியும் விருப்பமும் இருந்தால் கிரகோரியார் பூசை என்ற பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியாரோடு தொடர்புடையது அது. ஒரே ஆன்மாவுக்காக இடைவிடாமல் 30 நாள் திருப்பலி. நவம்பர் 25இல் தொடங்கினால் டிசம்பர் 24இல் முடியும். பங்குகளில் தொடர்ந்து 30 நாள் ஒதுக்குவது கடினம். துறவற சபைக் குருக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

6. பலகாரமும் துணியும்

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்பது பல ஊர்களில் வழக்கம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உறவினர்கள் கொண்டுவரட்டும். அத்தை வீட்டு முந்திரிக்கொத்தும் சித்தி வீட்டு அச்சு முறுக்கும் டப்பா டப்பாவாக வந்து சேரும்போது, நாம் தனித்து விடப்படவில்லை என்பது புரியும். உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டப்பாவை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் பத்து நிமிடம் உள்ளே வந்து உட்காருங்கள்.

துணி பிள்ளைகளுக்குக் கட்டாயம். பெரியவர்களுக்கு அவரவர் விருப்பம். அம்மா வெள்ளையோ சாம்பலோ மட்டும்தான் உடுத்த வேண்டும் என்று கடையில் நின்று வேறொருவர் முடிவு செய்யக்கூடாது.

7. டிசம்பர் 24 இரவு

குடிலில் மாட்டுத்தொட்டியை வெறுமையாக வைத்திருந்து, நள்ளிரவில் குழந்தை இயேசு சுரூபத்தை வைப்பது பல வீடுகளின் வழக்கம். அதை யார் வைப்பது? அப்பா வைத்துக்கொண்டிருந்தார் என்றால், இந்த ஆண்டு அம்மா வைக்கட்டும். கைம்பெண் என்பதற்காக மங்கலக் காரியங்களிலிருந்து அவரைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் ஒளிந்திருக்கிறது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து அவர்களுக்குக் காட்டுங்கள். ஆலயத்தில் அந்தக் குழந்தையை அடையாளம் கண்டு எல்லாருக்கும் எடுத்துச் சொன்னவர் அன்னா. ஏழாண்டு மட்டுமே கணவனோடு வாழ்ந்து, பிறகு கைம்பெண்ணாகவே முதுமை எய்தியவர். கிறிஸ்து பிறப்பின் கதைக்குள்ளேயே கைம்பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் இருக்க, நம் வீட்டுக் குடிலில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

முன்னே சொன்ன அதே வீட்டில் அந்தச் சுரூபம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வலது கையில் ஒரு விரல் உடைந்திருந்தது. அப்பா ஒருமுறை பசை வைத்து ஒட்டியதன் மஞ்சள் தழும்பு அதில் தெரிந்தது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்து, அந்த விரலை மட்டும் மீண்டும் மீண்டும் தடவிவிட்டு வைக்கோலில் கிடத்தினார். அவசரப்படுத்த யாரும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு நேரம் உங்கள் வீட்டில் வந்தால், போட்டோ எடுக்கப் போனை நீட்டாதீர்கள்.

நள்ளிரவுத் திருப்பலியின் கூட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் காலைத் திருப்பலிக்குப் போகலாம். கடமை இரண்டிலும் நிறைவேறும். அவரைத் தனியாக அனுப்பாமல், ஒருவர் கூடப் போங்கள்.

8. டிசம்பர் 25, சாப்பாட்டு நேரம்

நாள் முழுவதும் அவரைப் பற்றியே பேச வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் வேண்டாம். ஆனால் அவர் பெயரை எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஒரு நேரம் குறித்தே ஆக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் செபம் அதற்கு ஏற்ற இடம். அந்த நேரம் எப்போது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால், மற்ற நேரங்களில் சிரிப்பதற்கு யாரும் கூசமாட்டார்கள்.

மாலை போட்ட படத்தைக் குடிலுக்குப் பக்கத்தில் வைப்பதைவிட, அவர் வழக்கமாக உட்காரும் பக்கத்துச் சுவரில் மாட்டுவது நல்லது. குடில் குழந்தை இயேசுவுக்கு உரியது. அவர் நாற்காலியைக் காலியாகப் போட்டுவைப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ரணம். என் விருப்பம், கடைசிப் பேரனை அதில் உட்காரவைப்பது.

செபம் சொல்ல யாருக்கும் வார்த்தை வராவிட்டால் இதை வாசிக்கலாம்:

"ஆண்டவரே, நீர் எங்களுக்குத் தந்த எங்கள் அப்பாவுக்காக நன்றி கூறுகிறோம். அவர் கையால் உண்டோம், அவர் குரலில் உம் பெயரைக் கேட்டோம். லாசருவின் கல்லறை அருகே கண்ணீர் விட்டவரே, எங்கள் கண்ணீர் உமக்குத் தெரியும். அவருக்கு உம் ஒளியைத் தாரும். இந்த உணவையும் இதைச் சமைத்தவர்களையும் ஆசீர்வதியும். ஆமென்."

சி.எஸ்.ஐ. அல்லது வேறு சபை உறவினர்கள் கூட இருந்தால், இறந்தவருக்காக வேண்டுவதில் அவர்களுக்கு உடன்பாடு இராது. அப்போது "அவருக்கு உம் ஒளியைத் தாரும்" என்ற வரியைக் குடும்பச் செபமாலைக்கு வைத்துக்கொண்டு, மேசையில் நன்றி மட்டும் கூறுங்கள். சாப்பாட்டு மேசை இறையியல் வாதத்துக்கான இடமாகிவிடக் கூடாது.

செபம் முடிந்ததும், விரும்புகிறவர்கள் அவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்லட்டும். புகழுரையை விட நடந்த சம்பவங்கள் நல்லது. அவர் கோபப்பட்ட கதையும் வரலாம். அவருக்குப் பிடித்த மீன்குழம்பை அன்று வைத்தால், முதல் பங்கை முதியோர் இல்லத்துக்கோ தெருவில் தனியாக இருப்பவருக்கோ கொடுத்தனுப்புங்கள். இறந்தவர் பெயரில் பசித்தவருக்கு உணவிடுவது நம்மிடம் பழைய வழக்கம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே விதி: உண்மையைச் சொல்லுங்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவைத்தால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். இறந்துவிட்டார், கடவுளிடம் இருக்கிறார் என்று நம்புகிறோம், நமக்கு அவரைக் காணாமல் வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு போதும்.

9. டிசம்பர் 26

பண்டிகையின் மறுநாளை யாரும் திட்டமிடுவதில்லை. விருந்தினர் போன பிறகு வீடு வெறிச்சிடும். திருச்சபை நாட்காட்டியோ பிறப்பு விழாவுக்கு ஒட்டியே சாவை வைத்திருக்கிறது: 26ஆம் தேதி முதல் மறைசாட்சி புனித ஸ்தேவான், 28ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிள்ளைகளை இழந்து அழும் ராகேலின் குரல் மத்தேயு நற்செய்தியில் பெத்லகேமுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது.

நம் கடற்கரைக்கு இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், பண்டிகைத் துணி உலர்வதற்குள் சுனாமி வந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கொளச்சல், மணக்குடி, கடலுக்கு அப்பால் முல்லைத்தீவு, மட்டக்களப்பு என எத்தனையோ ஊர்களில் கிறிஸ்துமஸும் நினைவு நாளும் அன்றுமுதல் அடுத்தடுத்த நாட்கள். அங்கே 25ஆம் தேதி குடிலின் முன் நிற்பவர்கள் 26ஆம் தேதி மெழுகுதிரியோடு கல்லறைக்கோ கடற்கரைக்கோ போகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் செய்துவருவதை உங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். 26ஆம் தேதி மாலை, குடிலிலிருந்து ஒரு பிடி கேழ்வரகுப் பயிரைப் பறித்துக்கொண்டு கல்லறைக்குப் போய்வாருங்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகலாம்.

10. ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு

"இந்த வீட்டில் வாழ்த்துச் சொல்லலாமா?" என்று தயங்குவீர்கள். "மகிழ்ச்சியான" என்ற சொல்லை விட்டுவிட்டு, "கிறிஸ்துவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும்" என்று சொல்லலாம். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயருற வேண்டாம் என்றுதான் புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதினார். துயரமே கூடாது என்று எழுதவில்லை.

11. ஜனவரியில் செய்ய வேண்டியவை

ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, மூன்றாம் படியில் எழுதிய நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வேலை யாருக்குப் பொருந்தியது, எது பாரமாக இருந்தது என்று அதே பக்கத்தில் குறித்து, நோட்டைக் குடில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறப்பவர் கையில் அதுதான் முதலில் கிடைக்க வேண்டும். பிறகு பங்கு அலுவலகத்துக்குப் போய், முதலாமாண்டு நினைவுத் திருப்பலிக்கான தேதியைப் பதிந்துவிடுங்கள். அது திருநீற்றுப் புதனிலோ புனித வாரத்திலோ விழுகிறதா என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, தேவைப்பட்டால் சில நாள் முன்னோ பின்னோ மாற்றிக்கொண்டு, வெளியூர் உறவினர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.